அந்த அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

2003ஆம் ஆண்டு, மாசி மாதம். இலங்கை மலையகத்தில், இரத்தோட்டையிலிருந்து பஸ் போய்த் திரும்புகிற கடைசி வளைவுக்கும் மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நான்கு. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அதே தோட்டத்து ஒபிஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் நான்தான். இதை எழுதும்போது இப்போதும் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அந்தத் திமிரில் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இருபது வருஷமாக, ஒரே ஒருவரைத் தவிர, யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நலன்புரி உத்தியோகத்தர் என்றதும் பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எந்த லயத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்குத் தடுப்பூசி போடவில்லை என்று எழுதிக்கொண்டுபோய்த் துரையிடம் கொடுக்க வேண்டும். துரை என்று நாங்கள் சொல்வது தோட்டத்து மெனேஜரை. அவருக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தில் இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஆள் நான். அது போதாதா எனக்கு!

இங்கிலீஷ் மீது எனக்கு அப்படியொரு வெறி வந்ததற்குக் காரணம் உண்டு. அதற்குச் சில வருஷங்களுக்கு முன், மாத்தளை டவுனுக்குப் போகிற பஸ்ஸை வழியில் நிறுத்தித் தமிழ் ஆட்களை இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். ஒருநாள் ஆமிக்காரர் ஒருவர் சிங்களத்தில் கேட்ட கேள்விக்கு, பயத்தில் எனக்கு இங்கிலீஷில் பதில் வந்துவிட்டது. அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு என்னைப் பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற சனங்கள் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட அதிகமாக, நல்லவேளை நான் தப்பினேன் என்றுதான் இருந்தது.

அப்புறம் சண்டை நிறுத்தம் வந்தது, பஸ்ஸை மறிப்பது நின்றது. வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் மலைக்கும் வர ஆரம்பித்தன. துரை என்னைக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் பேசுவதற்கு இன்னும் நல்ல இங்கிலீஷ் வேண்டும் என்று சொல்லி, மாத்தளை டவுனில் நடந்த ஒரு வணிக ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டார். சனிக்கிழமைகளில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் வகுப்பு. டீச்சர் டவுனிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கெட்டிக்காரி. பிறரைப் பேசி இணங்கவைப்பது எப்படி என்பதுதான் அந்தப் பருவத்துக்கான பாடம்.

கேட்கிறவருக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள் என்பார் டீச்சர். ஒரு மனிதரின் கதையோடு தொடங்குங்கள், மூன்று காரணத்துக்கு மேல் அடுக்காதீர்கள். யாராவது மறுத்துப் பேசினால் சண்டைக்குப் போகாமல் நன்றி சொல்லுங்கள், அவர் சொன்னதில் உங்களுக்கு உதவுகிற பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியில், வேண்டியதைத் தெளிவாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் நான் கொப்பியில் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருந்தேன். வீட்டில் அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பழகுவேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருகூடடி சண்ட புடிக்கிற?" என்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளைக்காம்பரா இருந்தது. அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு ஆயா பார்த்துக்கொள்வார். பால் குடிக்கிற பிள்ளை உள்ளவர்களுக்குக் காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கிவர அனுமதி உண்டு. கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து, பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவார்கள். அதனால்தான் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார்கூடப் பிள்ளைக்காம்பராவை மலைக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். மேல்பிரிவில் இருந்தது தகரக் கூரை போட்ட ஒரே அறை. மழை பெய்தால் பிள்ளைகளின் தொட்டில்களை இங்குமங்கும் மாற்றிக் கட்டவேண்டும், அவ்வளவு ஓட்டை. ஆனால் மலையிலிருந்து ஐந்து நிமிஷம்.

ஒரு வெளிநாட்டு நிறுவனம் குழந்தைகளுக்காக ஏதாவது செய்துதர முன்வந்தது. மூன்று காம்பராக்களையும் திருத்தித் தரக் கேட்கலாம், அல்லது ஒரே ஒரு புதிய கட்டடம் கேட்கலாம். துரைக்குக் கட்டடம்தான் வேண்டும், அதுவும் ஃபெக்டரிக்குப் பக்கத்தில், றோட்டோரத்தில். வருகிறவர்கள் கண்ணில் படும், பழைய மூன்றையும் மூடிவிடலாம், ஆயாமாரையும் குறைக்கலாம். அவர் சிங்கள ஆள் என்றாலும் எங்கள் தமிழ் நன்றாகப் பேசுவார். "மிஸ், நீங்கதான் அவங்களுக்கு எடுத்துச் சொல்லணும். நல்லா செஞ்சா கண்டி ஒபிஸ்ல ஒரு எடம் இருக்கு, நான் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

கண்டி ஒபிஸ்! எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

ஒன்றை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மேல்பிரிவு மலையிலிருந்து ஃபெக்டரி எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கிழமைக்கு இரண்டுதரம் தடுப்பூசிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியவள் நான். இறங்க இருபத்தைந்து நிமிஷம், ஏற நாற்பது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

பெரிய பிரிஸ்டல் போட் அட்டையில் தோட்டத்தின் படம் வரைந்தேன். நடுவில் புதிய கட்டடம், சிவப்புக் கூரையோடு. சுற்றிவர மூன்று பிரிவுகளும் மூன்று பச்சை வட்டங்கள், ஒன்றுக்கொன்று ஒரே தூரத்தில். மலை கிடையாது, ஏற்றம் கிடையாது, ஓடை கிடையாது. பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது. அம்மா விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன்டி, மேல் டிவிசன் இம்புட்டுப் பக்கத்துலயா இருக்கு?"

"அம்மா, இது படம். படத்துல அப்படித்தான் போடுவாங்க."

"அப்ப சரி" என்று போய்விட்டார். முப்பது வருஷம் அந்த மலையில் கொழுந்தெடுத்தவர் அவர். என்னையும் அந்த மேல்பிரிவுக் காம்பராவில்தான் தொட்டிலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அந்த நாளும் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, நரைத்த முடி, சிரித்த முகம்; அவரோடு கொழும்பிலிருந்து வந்த ஒரு இளம் அதிகாரி. அவரும் சிங்களவர், தமிழ் தெரியாது. ஒரு பக்கம் துரை. பின்னால் போட்டிருந்த வாங்குகளில் மலையிலிருந்து அழைத்துவரப்பட்ட பத்துப் பன்னிரண்டு அம்மாமார். இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக் கழற்றிவைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் இளநீலச் சேலை கட்டியிருந்தேன். இதெல்லாம் எப்படி மறக்கும்!

நான் பேசினேன். ஒன்று சொல்லட்டுமா, நன்றாகத்தான் பேசினேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழே தொட்டில் மாற்றுகிற ஒரு ஆயாவின் கதையோடு தொடங்கினேன். சுத்தம், படிப்பு, பாதுகாப்பு என்று மூன்று காரணங்கள். அட்டையைத் திருப்பிக் காட்டியபோது அந்த வெளிநாட்டம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். எங்களுக்கு இந்தக் கட்டடம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, டீச்சர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். துரையின் முகத்தில் வெளிச்சம்.

அப்போதுதான் வெளிநாட்டம்மா பின்வரிசைப் பக்கம் திரும்பி, தாய்மார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன். பிறகு மேல்பிரிவிலிருந்து வந்த ஒரு அக்கா எழுந்தார். அவருக்கு அது மூன்றாவது பிள்ளை, நாலு மாதக் கைப்பிள்ளை. சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, துரையைப் பார்க்காமல் நேராக அந்த வெளிநாட்டம்மாவைப் பார்த்தே பேசினார்.

"கும்புடுறேன் அம்மா. இம்புட்டுத் தூரம் வந்து எங்க புள்ளைங்களப் பாத்தீங்களே, அதுவே பெருசு. கட்டடம் நல்லதுதான், வேணாங்கல. ஆனா நாங்க பத்து மணிக்குப் பால் குடுக்க வரணும். மேல இருந்து இங்க ஓடிவந்தா ஒடம்பெல்லாம் கொதிக்கும், அந்தச் சூட்டோட புள்ளைக்குக் குடுக்க முடியாது. ஆறி உக்காந்து குடுத்துட்டுத் திரும்ப மலை ஏறுறதுக்குள்ள கொழுந்து நிறுக்க வந்துருவாங்க. ரெண்டு நாளு ஓடுவோம், மூனாம் நாளு விட்டுருவோம். புள்ளதான் காயும். எங்க காம்பராவுக்குக் கூரையை மட்டும் மாத்திக் குடுங்க, அது போதும்." பிறகு என்னைப் பார்த்து, "இத அப்புடியே சொல்லுங்க மிஸ்" என்றார்.

வெளிநாட்டம்மா என் பக்கம் திரும்பினார். துரைக்குத் தமிழ் தெரியும் என்று சொன்னேன் அல்லவா, அவரும் என் பக்கம் திரும்பினார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். கண்டி ஒபிஸ் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. மறுத்துப் பேசினால் உதவுகிற பகுதியைப் பிடித்துக்கொள் என்ற சிவப்புப் பேனா வரியும் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது.

நான் இங்கிலீஷில் சொன்னது இவ்வளவுதான்: "இவர் மேல்பிரிவைச் சேர்ந்த தாய். நீங்கள் வந்ததற்கு நன்றி சொல்கிறார். கட்டடம் நல்லது என்கிறார். இப்போதுள்ள கூரை மோசமாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு நல்ல கூரை தாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறார்."

பாருங்கள், ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லாம் அந்த அக்கா சொன்னதுதான். பால், பத்து மணி, மலை, ஓட்டம், இவை மட்டும் என் வாயிலிருந்து வரவில்லை.

வெளிநாட்டம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நேராகப் பின்வரிசைக்குப் போய், அந்த அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கொழுந்துக் கறை படிந்த கைகள். அக்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது. தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதானே நினைப்பார்? அந்தக் கண்ணோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "நீங்க நல்லா இருக்கணும் மிஸ்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது துரை என் பக்கமாக வந்து, "நல்லா சமாளிச்சீங்க" என்று மெல்லச் சொன்னார். அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆனால் கேக் துண்டோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில், பாடத்தைச் செய்துபார்த்து வென்ற கதையாக இதை எழுந்து நின்று சொன்னேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. மறுத்துப் பேசியவரின் பேச்சையே என் பக்கம் திருப்பினேன் என்றதும் வகுப்பே கைதட்டியது. டீச்சர் மட்டும் தட்டவில்லை.

"அந்தத் தாய் பால் குடுக்கிறதப் பத்திச் சொன்னத நீங்க அவங்களுக்குச் சொல்லல்லையா?"

"சுருக்கிச் சொன்னேன் டீச்சர்."

"நான் ஒங்களுக்குப் படிச்சுக் குடுத்தது ஒங்கட கருத்தச் சொல்றதுக்கு. இன்னொருத்தர்ட வாயா நிக்கக்குள்ள அது செல்லாது" என்றார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி அடுத்த பாடத்தை எழுத ஆரம்பித்தார். டீச்சருக்கு என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததால்தான் அடுத்த பஸ்ஸிலேயே போய் அந்த அக்காவிடம் உண்மையைச் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். அன்று திருத்தியிருக்கலாம். அடிக்கல்கூட நாட்டியிருக்கவில்லை.

நாலு மாதத்தில் கட்டடம் எழும்பியது. சுவரில் யானை, முயல், மயில் எல்லாம் வரைந்தார்கள். திறப்புவிழாப் படத்தில் நான் முன்வரிசையில் இருக்கிறேன். மேல்பிரிவுக் காம்பராவைப் பூட்டி, பிறகு அதில் உர மூட்டைகளை அடுக்கினார்கள்.

என் ஒபிஸ் ஜன்னலிலிருந்து புதிய கட்டடத்தின் வராந்தா தெரியும். பத்து மணிக்குச் சற்றுப் பிறகு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பெண்கள் ஓடிவருவார்கள். வந்ததும் பிள்ளையைத் தூக்கமாட்டார்கள். சூடு ஆறட்டும் என்று தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் பாலைப் புல்லில் பீய்ச்சி விடுவார்கள். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் எனக்குக் கேட்கும். பிறகு ஐந்து நிமிஷம் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றம். மேலே கங்காணி, "பால் குடுக்கப் போனியா, கலியாணத்துக்குப் போனியா?" என்று ஏசுவாராம். ஒரு மாதத்தில் ஓடிவருகிற தலைகள் குறைந்தன. இரண்டாம் மாதம் அந்த அக்காவும் வரவில்லை. ரெண்டு நாளு ஓடுவோம், மூனாம் நாளு விட்டுருவோம் என்று அவர் சொன்னது அப்படியே நடந்தது. நான் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டேன். வெயில் என்று காரணம் சொன்னேன்.

பிள்ளைக்கு மாப்பால் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள், தண்ணீர் கூடவும் மா குறையவுமாக. ஒரு வயதை எட்டுவதற்குள் வயிற்றோட்டம் வந்து மாத்தளை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பிழைக்குமா என்று இரண்டு நாள் தெரியவில்லை. வேலைக் கணக்கில் நான் பார்க்கப் போகவேண்டியிருந்தது. ஒரு பிஸ்கட் பெட்டியோடு போய்க் கட்டிலருகே நின்றேன். பிள்ளையின் கையில் ஊசி குத்தித் துணி சுற்றியிருந்தார்கள். அந்த அக்கா கண்ணெல்லாம் குழிவிழுந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எனக்குத் துடைத்துப் போட்டார்.

"நீங்க அன்னைக்கு அம்புட்டு எடுத்துச் சொன்னீங்க மிஸ். அந்தம்மா என் கையப் புடிச்சு அழுதுச்சு, ஆனா செய்யல. பெரிய எடத்து ஆளுங்க, நீங்க என்ன செய்வீங்க" என்றார்.

என்னைத் தேற்றுகிறார்! அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக "அப்படித்தான் அக்கா" என்றேன். அந்த இரண்டு சொல்தான் நான் என் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய். மண்டபத்தில் சொன்னதைக்கூடச் சுருக்கம் என்று சமாளிக்கலாம், இதை எப்படிச் சமாளிப்பது? பிள்ளை பிழைத்துக்கொண்டது. எனக்குக் கண்டி ஒபிஸ் கிடைத்தது.

கண்டியில் கலியாணம் ஆயிற்று. 2007 கடைசியில் எனக்கு மகன் பிறந்தான். மூன்று மாத விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய இரண்டாம் கிழமை, மேலதிகாரிகள் கூடிய ஒரு கூட்டத்தில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மணி பத்தரை இருக்கும். நெஞ்சு கனத்து, கல்லாகி, சட்டென்று பால் கட்டுக்கடங்காமல் இறங்கிச் சட்டை நனைந்துவிட்டது. வீட்டில் பிள்ளை அழுதிருப்பான். கையிலிருந்த ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்ன பேசினேன் என்றே தெரியாமல் முடித்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். கதவைப் பூட்டிக்கொண்டு, பாலைப் பீய்ச்சிக் கைகழுவும் தொட்டியில் விட்டேன். அந்த அக்கா அன்று தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து நின்றது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதுவும் பத்து மணிதான். மண்டபத்தில் எங்களுக்காகக் காத்திருந்த நேரத்தில் அவருக்குப் பால் கட்டியிருக்கிறது. அந்த வலியோடு எழுந்துதான் அவ்வளவு நிதானமாகப் பேசியிருக்கிறார்.

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. முதலில் நன்றி, பிறகு தன் கஷ்டம், பிறகு அதனால் என்ன நடக்கும் என்பது, கடைசியில் ஒரே ஒரு தெளிவான வேண்டுகோள். நான் கொப்பி போட்டுப் படித்ததை அவர் எந்த வகுப்புக்கும் போகாமலே என்னைவிட நன்றாகச் செய்திருந்தார். அந்த மண்டபத்தில் வென்றிருக்க வேண்டியது அவர். நான் அவரை வெல்லவில்லை, வாயைப் பொத்திவிட்டேன். அந்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையை, அவனைப் பார்த்துக்கொள்ளக் கண்டிக்கு வந்திருந்த அம்மாவிடம் விட்டுவிட்டு இரத்தோட்டைப் பஸ் ஏறினேன். சண்டை மறுபடி மூண்டிருந்தது, பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். இந்தத் தரம் நான் இங்கிலீஷ் பேசவில்லை. வரிசையில் நின்றேன்.

அக்கா லயத்து வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை ஐந்து வயதுச் சிறுமியாகி, பக்கத்தில் குந்தி மிளகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா முகம் மலர்ந்து, "மிஸ்ஸா! வாங்க வாங்க" என்று உள்ளே பாயை எடுக்கப் போனார். எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன், எல்லாம். கண்டி ஒபிஸையும் ஒளிக்கவில்லை.

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திரும்பிவந்து மிளகுக்கு முன்னால் குந்தி, அதைத் துழாவியபடியே கேட்டார்.

"அப்ப அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது அக்கா."

"நான் அஞ்சு வருசமா அந்தம்மாவத் திட்டிக்கிட்டு இருக்கேனே" என்றார். "கையப் புடிச்சு அழுதுட்டு இப்புடிப் பண்ணிட்டாளேன்னு, புள்ள ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மண்ண வாரித் தூத்தினேன் மிஸ். ஒன்னுமறியாத மனுசிய."

மன்னிச்சிருங்க என்றேன். அவர் அதைக் கேட்காதவர்போல எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் மூத்த மகனின் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து நடுத்தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"எழுதுங்க. நான் சொல்றேன், அந்தம்மாவுக்கு எழுதுங்க. மொதல்ல, நல்லா இருக்கீங்களான்னு கேளுங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். பத்து மணியை எழுதினேன், மலையை எழுதினேன், புல்லில் பீய்ச்சிய பாலை எழுதினேன். அன்று சொன்னது உங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று ஒரு வரி வந்தது. வணிக ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுவோம், யார் சொல்லவில்லை என்பது அதில் இருக்காது. பேனா நின்றது. அதை அடித்துவிட்டு, நான் சொல்லவில்லை என்று எழுதி என் பெயரையும் எழுதினேன். கடைசியில் மறுபடி அதே வேண்டுகோள்: கூரையை மட்டும் மாற்றிக் கொடுங்கள், காம்பராவைத் திறந்துவிடச் சொல்லுங்கள். என் பிள்ளைக்கு இனி வேண்டாம், பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு வேண்டும்.

"இப்ப அதத் தமிழ்ல வாசிங்க" என்றார். வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். தபாலில் நானே போட்டுவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் தாளைத் தரவில்லை. நாலாக மடித்துத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

"வெலாசத்த மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க மிஸ். பக்கத்து லயத்துல இங்கிலீசு படிக்கிற புள்ள ஒன்னு இருக்கு. அதுகிட்ட ஒருக்கா வாசிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மிளகு ஈரமா காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார். அது நியாயம் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணி கொடுத்தார், குடித்தேன். விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு இறக்கத்தில் நடந்தேன். இருபத்தைந்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்ததாம், அந்த அக்காவின் பெயருக்கு. அதை வாசித்துச் சொல்ல என்னை அவர் கூப்பிடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து மேல்பிரிவுக் காம்பராவிலிருந்து உர மூட்டைகளை எடுத்துவிட்டுப் புதுத் தகரம் அடித்தார்கள் என்று தோட்டத்து ஆள் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். கடிதத்தாலா, தொழிற்சங்கத்துக்காரர்கள் சத்தம் போட்டதாலா, தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கிற முகம் எனக்கு இல்லை.

இன்றும் என் வேலை பேச்சுதான். யாருக்காகவாவது இங்கிலீஷில் பேசினால், பேசி முடித்ததும் நான் சொன்னதைத் தமிழில் அவருக்கே திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். கூட்டத்தில் இருப்பவர்கள் நேரம் போகிறது என்று முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். ஆனால் அதனால் பழையது தேய்ந்துவிடவில்லை. "நீங்க நல்லா இருக்கணும் மிஸ்" என்று அந்த அக்கா அன்று கும்பிட்டுச் சொன்னாரே, எல்லாம் தெரிந்த பிறகும் அதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சமாவது லேசாக இருந்திருக்கும்.